அந்தப் பால் தண்ணீர் அல்ல

பாலைவனத்தில் ஒரு கொடியை ஒடித்தால் வெள்ளைவெளேரென்று பால் வடிகிறது. மழை அபூர்வமான இடமாயிற்றே, தண்ணீரைப் பாலாக்கிச் சேர்த்து வைத்திருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவர் விளக்கம் சொல்வார். கேட்டால் நியாயமாகவே படும். கூடவே இன்னும் இரண்டு செய்திகள் வந்துவிழும்: அது மரத்தைச் சுற்றியிருப்பதால் மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழ்கிறது, பால் வருவதால் அது கள்ளி வகை.

மூன்றும் தவறு. செடிக்குள் ஓடுகிற திரவம் ஒன்றே ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வதால் வரும் தவறுகள் இவை. பால் வடிக்கும் செடிக்குள் மூன்று ஓட்டங்கள் உண்டு. தண்ணீர் தனி, உணவு தனி, பால் தனி. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்வதில்லை. இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

எந்தக் கொடி

அரிசோனா, கலிஃபோர்னியா, நெவாடா, யூட்டா, நியூ மெக்சிகோ, டெக்சஸ் ஆகிய அமெரிக்க மாநிலங்களிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் வடபகுதியிலும் தானாக வளர்வது ஃபுனாஸ்ட்ரம் சைனான்காய்டஸ். அங்குள்ளவர்கள் 'கிளைம்பிங் மில்க்வீட்' என்பார்கள். தமிழில் இதற்குப் பெயர் இல்லை. இனி ஃபுனாஸ்ட்ரம் என்றே சொல்கிறேன்.

கணுவுக்கு இரண்டு இலைகள், எதிரெதிராக. ஈட்டிபோலக் குறுகியவை, சிலவற்றின் அடிப்பகுதி அம்பு முனைபோல இருபுறமும் நீண்டிருக்கும். பூக்கள் கொத்தாக வரும். ஒவ்வொன்றும் ஐந்து முனை நட்சத்திரம்; நிறம் வெள்ளையிலிருந்து மங்கிய ஊதா வரை மாறும். காய் முற்றி வெடித்தால் பட்டுமயிர் கட்டிய விதைகள் காற்றில் போகும். எருக்கங்காய் வெடித்துப் பஞ்சு பறப்பதைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. இரண்டும் நெருங்கிய உறவுக்காரச் செடிகள். எருக்கு, வேலிப்பருத்தி, சிறுகுறிஞ்சான் எல்லாம் இதே துணைக்குடும்பம். இந்தக் கூட்டத்தை இனி பால்செடிகள் என்கிறேன்; ஆங்கிலத்தில் மில்க்வீட். பழைய தாவரவியல் பாடப்புத்தகத்தில் இவற்றுக்கு அஸ்கிளிபியடேசியே என்று தனிக்குடும்பம் இருந்தது. 1998இல் வந்த புதிய வகைப்பாடு அதை அரளிக் குடும்பத்துக்குள் சேர்த்துவிட்டது. நம் ஊர் வேலிகளில் ஏறி, கிள்ளினால் பால் வடிக்கும் வேலிப்பருத்தியைத் தெரிந்தவர்கள் ஃபுனாஸ்ட்ரத்தைப் பாதி தெரிந்தவர்கள்.

இது வாழும் இடங்களில் முக்கியமானது சொனோரன் பாலைவனம். அதன் பெருநகரங்களில் ஒன்றான டூசானில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 300 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் இரண்டு தவணையாக: குளிர்காலத்தில் கொஞ்சம், ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியும் மின்னலுமாகக் கொஞ்சம். அப்படியானால் கொடிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இடத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஃபுனாஸ்ட்ரம் பெரும்பாலும் காட்டாற்றுப் படுகைகளை ஒட்டி முளைக்கிறது. மேலே மணல் காய்ந்து கிடந்தாலும் அடியில் ஈரம் தங்கும் இடங்கள் அவை. கடும் வறட்சியிலோ உறைபனியிலோ மேல்கொடி காய்ந்துபோகும். வேர் உயிரோடு இருந்து, காலம் கூடும்போது மறுபடி தளிர்விடும். வறட்சியைச் சமாளிக்கும் உத்தி இவ்வளவுதான். பாலுக்கு இதில் பங்கில்லை.

அதே பாலைவனத்தில் உண்மையிலேயே தண்ணீரைச் சேமிக்கும் செடி ஒன்று உண்டு. ஆள் உயரத்தைப்போல் ஏழெட்டு மடங்கு வளரும் சகுவாரோ. மழை பெய்ததும் மடிப்பு மடிப்பான தண்டை விரித்துக்கொண்டு தண்ணீரை உள்ளே நிரப்பிக்கொள்ளும். அதை வெட்டினால் பால் வராது. மறுபக்கம் பாருங்கள்: ரப்பர் மரத்தின் பூர்வீகம் அமேசான் மழைக்காடு, பலா, ஆல், பப்பாளி எல்லாம் பால் வடிப்பவை, எதுவும் பாலைவனச் செடி இல்லை. பால் தண்ணீர்ச் சேமிப்பாக இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

சுற்றினால் ஒட்டுண்ணியா

ஃபுனாஸ்ட்ரம் ஏறுவது மெஸ்கீட், பாலோ வெர்டே போன்ற முள்மரங்களில். மெஸ்கீட் என்பது நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. அதன்மேல் கொடி பின்னிக் கிடப்பதைப் பார்த்ததும் மரத்தை உறிஞ்சுகிறது என்று தோன்றுவது இயல்பு.

ஒட்டுண்ணித் தாவரம் என்றால் இன்னொரு செடியின் உடலுக்குள் வேர் போன்ற உறுப்பைச் செலுத்தி அங்கிருந்து நீரையோ உணவையோ எடுப்பது. அதே மெஸ்கீட்டில் அப்படிப்பட்டது ஒன்று இருக்கத்தான் செய்கிறது: ஃபோராடென்ட்ரான் கலிஃபோர்னிகம் என்ற புல்லுருவி. அது தரையைத் தொடுவதே இல்லை. கிளைக்குள் ஊன்றிக்கொண்டு வாழ்கிறது. ஃபுனாஸ்ட்ரத்தின் வேர் மண்ணில் இருக்கிறது. இலை பச்சையாக இருக்கிறது, தன் உணவைத் தானே தயாரிக்கிறது. மரத்திடமிருந்து அது எடுப்பது உயரம் மட்டும். கொடி மிக அடர்ந்துவிட்டால் மரத்துக்கு வெளிச்சம் குறையும், கிளை வளையும். அது இட நெருக்கடி. திருட்டு என்று சொல்ல முடியாது.

ஏறுவது எப்படி? நுனித்தண்டின் ஒரு பக்கம் சற்று வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் வளரும். வேகமாக வளரும் பக்கம் தண்டைச் சுற்றிச் சுற்றி இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் நுனி வெறும் காற்றில் வட்டமடிக்கிறது. ஏதாவது குச்சி தட்டுப்பட்டால் அதைச் சுற்றிக்கொள்ளும். இந்த வட்டத்தைப் பொறுமையாக அளந்தவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின். 1865இல் அவர் வெளியிட்ட ஆய்வில் செரோபீஜியா என்ற கொடி வருகிறது. அதுவும் இதே பால்செடிக் கூட்டம்தான். அதன் நீண்ட நுனி ஐந்தடிக்கும் மேலான விட்டமுள்ள வட்டத்தைப் போட்டது. ஒரு சுற்றுக்கு ஐந்து முதல் ஏழு மணி நேரம் பிடித்தது. படிப்பறையில் உட்கார்ந்து ஒரு கொடி சுற்றுவதை மணிக்கணக்கில் பார்ப்பதற்கும் ஒரு மனசு வேண்டும்.

இதுவரை பார்த்தது: ஃபுனாஸ்ட்ரம் மண்ணில் வேரூன்றி, தன் உணவைத் தானே தயாரித்து, ஈரமுள்ள இடத்தைப் பிடித்து வாழும் பல்லாண்டுக் கொடி. மரம் அதற்குக் கொழுகொம்பு. தண்ணீருக்கு அது பாலை நம்பியில்லை.

மூன்று ஓட்டங்கள்

இப்போது பாலுக்கு வருவோம்.

மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள்களின் ட்யூப்லெஸ் டயருக்குள் வெள்ளைத் திரவம் ஒன்றை ஊற்றுவார்கள். ஓடும்போது அது சும்மா கிடக்கும். முள் குத்தினால், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் அந்தத் திரவத்தை ஓட்டை வழியாக வெளியே தள்ளும். வெளிவந்ததும் அது இறுகி ஓட்டையை அடைத்துவிடும். வண்டி ஓடுவது அந்தத் திரவத்தால் அல்ல. ஓட்டை விழும் ஒரு நொடிக்காக அது காத்திருக்கிறது. செடியின் பாலும் ஏறக்குறைய இப்படித்தான். இது வெறும் உவமைகூட இல்லை: அந்த டயர்த் திரவங்கள் பலவற்றில் சேர்ப்பதே ரப்பர்பால்தான்.

முதல் ஓட்டம் தண்ணீர். வேரிலிருந்து இலைவரை போகும் தண்ணீர்க் குழாய்களுக்கு சைலம் என்று பெயர். இதில் தண்ணீர் மேலே தள்ளப்படுவதில்லை, இழுக்கப்படுகிறது. இலையிலிருந்து நீர் ஆவியாக ஆக, கீழே உள்ள நீர்த்தம்பம் மேலே இழுபடுகிறது. வெயிலில் நிற்கும் செடியின் சைலத்தை வெட்டினால் தண்ணீர் பீய்ச்சாது. மாறாக வெளிக்காற்று உள்ளே போகும்.

இரண்டாவது உணவு. இலையில் உண்டான சர்க்கரையை மற்றப் பாகங்களுக்குக் கொண்டுபோகும் குழாய்கள் புளோயம். செடியைப் போஷிக்கும் ஓட்டம் இது.

மூன்றாவது பால். இதற்கென்று தனிக் குழாய்கள் உண்டு; இவற்றைப் பால்குழல்கள் என்போம். எருக்கு, ஃபுனாஸ்ட்ரம் போன்றவற்றில் பால்குழல் உருவாகும் விதம் விநோதமானது. விதைக்குள் கரு இருக்கும்போதே சில செல்கள் இந்த வேலைக்கென்று ஒதுங்கிவிடுகின்றன. செடி வளர வளர அந்தச் செல்கள் பிரியாமல், நீண்டுகொண்டும் கிளைவிட்டுக்கொண்டும் மற்றத் திசுக்களுக்கிடையே நுழைந்து, தண்டு இலை காய் என்று எல்லா இடத்துக்கும் போய்விடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத செல் என்று நாம் படித்தது இங்கே செடியின் நீளத்துக்கு ஓடுகிறது.

இந்தக் குழலுக்குள் அழுத்தம் அதிகம். சைலத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். அழுத்தம் எவ்வளவு என்பதை ரப்பர் மரத்தில் அளந்திருக்கிறார்கள். விடியுமுன் அது 10 வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டும், கார் டயரில் அடிக்கும் காற்றைப்போல் நாலைந்து மடங்கு. வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கினால் இறங்கிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் பால்வடிப்புத் தொழிலாளர்கள் இருட்டிலேயே தலைவிளக்கோடு மரம் மரமாக நடந்து பட்டையைச் சீவுவது இதனால்தான். சூரியன் உச்சிக்கு வந்தபின் சீவினால் சிரட்டை நிறையாது.

ஆகவே கொடியை ஒடித்ததும் பால் பீய்ச்சுவது உள்ளிருக்கும் அழுத்தத்தால். வெளியே வந்தபின் இறுகிப் பிசினாகிறது, காயத்தை மூடுகிறது. வெள்ளை நிறத்துக்குக் காரணம், நீருக்குள் மிதக்கும் நுண்ணிய ரப்பர், பிசின் துளிகள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பது. மாட்டுப்பாலில் அதே வேலையைக் கொழுப்புத் துளிகளும் புரதத் துகள்களும் செய்கின்றன. ஒற்றுமை அந்த நிறத்தோடு முடிகிறது.

சுருக்கமாக: தண்ணீர் சைலத்தில் இழுபட்டுப் போகிறது, சர்க்கரை புளோயத்தில் போகிறது, பால் தன் குழலுக்குள் அழுத்தத்தோடு காத்திருக்கிறது. செடி அந்தப் பாலைக் குடிப்பதும் இல்லை, தின்பதும் இல்லை.

பாலுக்குள் இருப்பது

ஓட்டையை அடைப்பது பாதி வேலை. ஓட்டை போட்டவரைக் கவனிப்பது மறுபாதி. பாலில் பிசுபிசுப்பு இருக்கிறது. இலையைக் கடித்த சின்னப் புழுவின் வாய் ஒட்டிக்கொள்ளும். அதோடு பால்செடிகள் பலவற்றில் கார்டினோலைடு என்ற நச்சுப் பொருள்களும் உண்டு.

கார்டினோலைடு என்ன செய்கிறது? விலங்குகளின் செல்களைச் சுற்றியிருக்கும் சவ்வில் ஒரு பம்பு இருக்கிறது. மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும் பம்பு. நரம்பு செய்தி கடத்துவதும் இதயத்தசை சுருங்கி விரிவதும் இதை நம்பித்தான். கார்டினோலைடு இந்தப் பம்பில் பொருந்தி உட்கார்ந்து அதை நிறுத்திவிடுகிறது. மிகக் குறைந்த அளவில் இது மருந்து. இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் டிகாக்சின் இதே வகை, ஆனால் அது டிஜிடாலிஸ் என்ற வேறொரு செடியிலிருந்து வருவது. அளவு கொஞ்சம் கூடினால் வாந்தி, இதயத்துடிப்புக் குழப்பம், மரணம்.

இங்கேதான் மோனார்க் பட்டாம்பூச்சியும் அதன் உறவினரான குயீன் பட்டாம்பூச்சியும் கதைக்குள் வருகின்றன. இரண்டின் புழுக்களும் பால்செடி இலைகளை மட்டுமே தின்று வளர்பவை, ஃபுனாஸ்ட்ரத்திலும் முட்டையிடும். தெற்கு அரிசோனாவில் இந்தக் கொடியில் அதிகம் தென்படுவது குயீன். புழுவின் முதுகில் மூன்று ஜோடிக் கறுப்பு இழைகள் இருந்தால் குயீன், இரண்டு ஜோடி என்றால் மோனார்க். நம் எருக்கஞ்செடியில் இருக்கும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுவுக்கும் மூன்று ஜோடிதான். அது இவற்றோடு ஒரே பேரினம்.

விஷம் இவற்றை ஏன் கொல்வதில்லை? மோனார்க்கின் பம்பிலேயே சிறிய மாற்றங்கள் இருக்கின்றன. புரதத்தின் மூன்று இடங்களில் அமினோ அமிலம் மாறியிருப்பதால் கார்டினோலைடு சரியாகப் பொருந்துவதில்லை. 2019இல் ஆய்வாளர்கள் இதே மூன்று மாற்றங்களையும் பழ ஈயின் மரபணுவில் செய்து பார்த்தார்கள். அந்த ஈக்கள் கார்டினோலைடைத் தாங்கின.

புழு போடும் அணை

விஷத்தைத் தாங்கினாலும் பசையைத் தாங்க முடியாது. முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த மோனார்க் புழு பாலில் ஒட்டிச் சாவது சாதாரணம். எனவே புழு முன்னெச்சரிக்கையோடு சாப்பிடுகிறது. சின்னப் புழு இலையில் ஒரு சிறிய வட்டப் பள்ளம் கடித்து, அந்த வட்டத்துக்குள் மட்டும் தின்னும். வளர்ந்த புழு இலையின் நடுநரம்பையோ காம்பையோ கடித்து விட்டுக் காத்திருக்கும். அங்கே பால் வடிந்து தீரும். காயத்துக்கு அப்பாலுள்ள இலை தொங்கிப்போகும். அதன்பின் நிதானமாகச் சாப்பாடு. டேவிட் டஸ்ஸூர்ட், தாமஸ் ஐஸ்னர் இருவரும் 1987இல் இதை விளக்கினார்கள்: நரம்பை அறுப்பது பால் வரும் வழியை அடைப்பதற்காக.

எனக்கு இதைவிடப் பிடித்த சாட்சி ஒன்று உண்டு. எருக்கந்தண்டில் மஞ்சள் நிறத்தில் அசுவினி மொய்த்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏஃபிஸ் நெரி என்ற அதே பூச்சி அரிசோனாவின் பால்செடிகளிலும் உண்டு. அது நரம்பை அறுப்பதில்லை. ஊசிபோன்ற வாயைச் செல்களின் இடுக்கில் நுழைத்துப் பால்குழலைத் தொடாமல் நேராகப் புளோயத்தைத் தேடிப் போய்ச் சர்க்கரைச் சாற்றைக் குடிக்கிறது. சொட்டுப் பால் வெளியே வருவதில்லை. மூன்று ஓட்டங்களும் தனித்தனி என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா?

எல்லாப் பாலும் ஒரே விஷம் அல்ல

"மில்க்வீட் என்றால் விஷம், அதைத் தின்ற பட்டாம்பூச்சியும் விஷம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள். 1960களில் லிங்கன் பிரௌவர் குழுவினர் இதைச் சோதித்தார்கள். ஒரு வகைப் பால்செடியில் வளர்ந்த மோனார்க்கைத் தின்ற நீல ஜே பறவை சற்று நேரத்தில் வாந்தியெடுத்தது. எருக்கின் உடன்பிறப்பான காலோட்ராபிஸ் புரோசெராவில் வளர்ந்தவையும் அப்படியே. ஆனால் கோனோலோபஸ் என்ற இன்னொரு பால்கொடியில் வளர்ந்த மோனார்க்கை அதே பறவைகள் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தன. அந்தக் கொடியில் கார்டினோலைடு இல்லை. பால் உண்டு, அந்த விஷம் இல்லை. பட்டாம்பூச்சியின் விஷம் அது தின்ற செடியைப் பொறுத்தது என்பது இதில் தெளிவானது.

ஃபுனாஸ்ட்ரத்தின் ஃபுளோரிடா உறவுக்கொடி ஒன்றும் இந்த வரிசையில் வருகிறது. அதைத் தின்று வளரும் குயீன்களில் கார்டினோலைடு குறைவு. ஆகவே பாலின் வெள்ளையைப் பார்த்து விஷத்தின் அளவைச் சொல்ல முடியாது. பாலை வைத்துக் குடும்பத்தையும் சொல்ல முடியாது. உலகில் பால் வடிக்கும் தாவர இனங்கள் சுமார் 20,000. அவை 40க்கும் மேற்பட்ட குடும்பங்களில் சிதறிக் கிடக்கின்றன. கள்ளியும் எருக்கும் பலாவும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ளவில்லை. தனித்தனியே இந்த ஆயுதத்துக்கு வந்து சேர்ந்தன.

பூவுக்குள் ஒரு கிளிப்

பூவைப் பற்றிச் சிறிது. பூவிலிருந்து பூச்சிகள் குடிப்பது தேன்; பால் அல்ல. பால்செடிப் பூக்களில் மகரந்தம் தூளாக உதிராது. மெழுகுபோன்ற இரண்டு பைகளாகக் கட்டி, நடுவில் ஒரு சிறு கிளிப்பால் இணைத்து வைக்கப்பட்டிருக்கும். இந்தப் பைக்குப் பொலினியம் என்று பெயர். பூவின் பக்கவாட்டில் ஐந்து குறுகிய பிளவுகள். பூச்சியின் கால் அதற்குள் வழுக்கிவிட்டால் இழுத்து எடுக்கும்போது கிளிப் காலில் மாட்டிக்கொள்ளும். அடுத்த பூவின் பிளவில் கால் போனால் பை அங்கே தங்கிவிடும். பலமில்லாத பூச்சி மாட்டிக்கொண்டு காலை இழப்பதும் உண்டு. அந்தப் பாலைவனத்தில் பால்செடிப் பூக்களுக்கு அடிக்கடி வரும் டாரண்டுலா ஹாக் குளவிக்கு அந்தக் கவலை இல்லை. பெரிய சிலந்தியைக் கொட்டி முடக்கித் தன் குஞ்சுக்கு இரையாக்கும் உடல்வாகு அதற்கு. வளர்ந்த குளவி குடிப்பதென்னவோ பூந்தேன்தான்.

கையாளும்போது

அரிசோனாவில் பட்டாம்பூச்சித் தோட்டம் போடுகிறவர்கள் ஃபுனாஸ்ட்ரத்தை விரும்பி நடுகிறார்கள். கம்பி வேலி ஒன்று இருந்தால் போதும். கோடையில் புழுக்கள் இலைகளை மொட்டையாக்கிவிடும். மருந்தடித்தால் எதற்காக நட்டோமோ அது போயிற்று. விட்டுவிட்டால் மறுபடி துளிர்க்கும். கவாத்து செய்யும்போது கையுறை போட்டுக்கொள்வது நல்லது, அதைவிட முக்கியம் அந்தக் கையால் கண்ணைக் கசக்காமல் இருப்பது. நம் ஊரில் முள் தைத்த காலுக்கு எருக்கம்பால் வைக்கும் பழக்கம் உண்டு. அதே பால் கண்ணில் தெறித்துக் கருவிழி பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். சில நேரம் வலியே இல்லாமல் பார்வை மங்கும் என்பதால் பலர் தாமதமாக வருகிறார்கள். பால் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, வலிக்காவிட்டாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.